உலைக்கு நடந்த தேர்தல்

காலையில் பாட்டில் செய்வோம், மத்தியானம் அதையே உடைப்போம். அந்தத் தேர்தல் வருஷத்தில் எங்கள் கண்ணாடி ஆலையில் நடந்த வேலை இதுதான். சொன்னால் சிரிப்பீர்கள். நாங்களும் முதல் வாரம் சிரித்தோம்.

எனக்குப் பாட்டில் பொறுக்கும் வேலை. பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும், பின்னால் வெள்ளை விளக்கு எரியும். கழுத்தில் விரிசல், வயிற்றில் காற்றுக் குமிழி, அடியில் கோணல் என்று எது இருந்தாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, எங்களுக்குக் கூலியே அதற்குத்தான். வாங்க ஆளில்லாமல் போன பிறகும் பழக்க தோஷத்தில் நான் கோணல் பாட்டில்களை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் தோளில் இடித்தாள்.

"ஏன்டி, எல்லாமே மத்தியானம் உடையப் போகுது. இதுல நல்லது என்ன, கெட்டது என்ன?"

"கெட்டது கொஞ்சம் முன்னாடி உடையட்டும்" என்றேன்.

இந்தக் கூத்து எதற்கு என்றால், உலைக்காக. கண்ணாடி உலையை வீட்டு அடுப்பு மாதிரி நினைத்தபோது பற்றவைத்து நினைத்தபோது அணைக்க முடியாது. உள்ளே ஒரு சின்னக் குளம் அளவுக்குக் கண்ணாடி உருகிக் கிடக்கும். இரவும் பகலும், வருஷக் கணக்கில், அது உருகியபடியே இருக்க வேண்டும். ஆற விட்டால் மொத்தமும் உள்ளேயே இறுகிவிடும். இறுகும்போது சுற்றியிருக்கிற செங்கல்லையும் பிளந்துவிடும். அப்புறம் அதை உலை என்று சொல்ல முடியாது, பாறை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெருப்பு எரிய வேண்டும், கண்ணாடி ஓட வேண்டும், ஓடுவது பாட்டிலாக வேண்டும். கிடங்கு கூரை வரைக்கும் நிரம்பிய பிறகு, செய்த பாட்டிலை உடைத்து மறுபடி உலைக்குள்ளேயே கொட்ட ஆரம்பித்தோம்.

வாங்குகிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியிருந்தன. முதலில் குளிர்பானக் கம்பெனி, பிறகு ஜாம் கம்பெனி. இருமல் மருந்துக் கம்பெனி மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அதுவும் நின்றபோது, "ஜனங்க இருமறதையும் விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். "இருமறதுக்கும் தெம்பு வேணும்ல அண்ணி" என்றான் என் கொழுந்தன்.

ஊரே அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கிவிட்டது. மீதிக் கடைக்காரர்கள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்து கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதையில் ஆளாளுக்கு வீட்டு மின்விசிறியையும் நாற்காலியையும் விற்பதற்குப் பரப்பியிருந்தார்கள். எல்லாரும் விற்க வந்துவிட்டால் வாங்குவது யார்? மாலையில் அவரவர் சாமானை அவரவரே தூக்கிக்கொண்டு திரும்புவார்கள்.

எங்கள் வீட்டுக்காரர்தான் அந்த உலைக்குப் பொறுப்பு. ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உலைக்காரர் என்றால்தான் தெரியும். துவாரத்தின் வழியாக நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பார், கேஸ் குழாயைக் கொஞ்சம் கூட்டுவார், கொஞ்சம் குறைப்பார். கல்யாணமான நாள் முதலாக என் முகத்தைப் பார்த்ததைவிட அதன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அது உன்னை மாதிரி திருப்பிப் பேசாது" என்பார். வீட்டில் அவர் பேசுகிற நீளமான பேச்சு அதுதான்.

அவருடைய தம்பியும் குடும்பத்தோடு எங்களோடுதான் இருந்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. அவன் ஆலையில் பாட்டில் வார்க்கும் இயந்திரத்தில் வேலை செய்தான். அவன் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, அப்போது ஏழாம் மாதம். ஆக, வீட்டில் எரிகிற அடுப்பு ஒன்று, அதற்கு அரிசி போடுவது அந்த உலை ஒன்று. அது நின்றால் மூன்று சம்பளமும் ஒரே நாளில் நிற்கும்.

இந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. ஆட்சி நாற்காலியில் இருந்தவர் முதலில் வந்தார். கோட்டு போட்ட கூட்டத்தோடு உலைக்கு முன்னால் நின்று, எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த நீலக் கண்ணாடியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். போட்டோ எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஆலை கேஸ் கம்பெனிக்குப் பாக்கி வைத்திருந்தது ஊரறிந்த விஷயம். கேஸ் கம்பெனி அரசாங்கத்துடையது. "நான் இருக்கறவரைக்கும் இந்த உலைக்கு கேஸ் நிக்காது" என்றார். எல்லாரும் கை தட்டினோம். கை தட்டுவதற்குக் காசா பணமா?

அடுத்த வாரம் எதிர்த்து நிற்பவர் வந்தார். அவரை உள்ளே விடவில்லை. வாசலில் லாரி மேல் ஏறி நின்று, "நான் வந்தா இந்த உலை மட்டுமில்ல, பக்கத்துல இன்னொரு உலையும் எரியும்" என்றார். கொழுந்தன் அன்றிலிருந்து அவருடைய ஆள் ஆகிவிட்டான். பசைவாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினான்.

"இருக்கற ஒரு உலையிலேயே செஞ்சதை உடைச்சிக்கிட்டு இருக்கோம். இன்னொண்ணு வந்தா உடைக்கறதுக்கு ஆள் பத்தாது" என்றேன்.

"அண்ணி, நீங்க எப்பவும் இப்படித்தான். நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும்."

"நம்பிக்கையா? அந்த ஆளு பேசறப்ப நம்ம உலையைக் காட்டறேன்னு தண்ணித் தொட்டியைக் காட்டினாரு. பார்த்தியா?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொழுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனைப் பார்த்து, "நீ சொல்லுண்ணா, யாருக்குப் போடப் போற?" என்றான். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கேஸ் குடுக்கறவனுக்கு" என்றார்.

வாக்குப்பதிவு நாளன்று ஆலைக்கு அரைநாள் விடுமுறை. பள்ளிக்கூட வாசலில் வெயிலில் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தோம். யாருக்குப் போட்டேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அது வேறு விஷயம்.

வாக்குப்பதிவு முடிந்த சாயங்காலமே கேஸ் கம்பெனி வண்டி வந்தது. இறங்கியவர் கெட்டவர் மாதிரி தெரியவில்லை. மேனேஜரிடம் தாளைக் காட்டினார், கையெழுத்து வாங்கினார், பெரிய வால்வைத் திருகி மூடி, ஈயத்தில் சீல் வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏன் நேத்து செய்யலை?" என்று கேட்டார்.

"நேத்து வரைக்கும் மேல இருந்து இந்த உத்தரவை நிறுத்தி வெச்சிருந்தாங்க. இன்னைக்கு அந்தத் தடையை எடுத்துட்டாங்க. நான் என்னங்க பண்றது, எனக்கும் குடும்பம் இருக்கு."

அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. ஒருத்தர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். எங்களை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அடி வாங்கிக்கொண்டு அடித்தவனுக்குக் கை வலிக்குமே என்று கவலைப்படுகிற ஜாதி நாங்கள்.

அவசரத்துக்கென்று ஆலையின் பின்பக்கம் ஒரு எண்ணெய்த் தொட்டி உண்டு. வீட்டுக்காரர் உடனே உலையை எண்ணெய்க்கு மாற்றினார். நெருப்பு நிறம் மாறி, புகையோடு, ஆனால் எரிந்தது. அன்றிரவு அவர் வீட்டுக்கு வரவில்லை. காலையில் சாப்பாடு கொண்டுபோனபோது தொட்டி மேல் ஏறி அளவுகோலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு காரியத்துக்கு இருக்கு. ரெண்டுக்கு இல்ல."

அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது. முதல் வழி, வடிப்பது. உலையை நல்ல சூட்டுக்கு ஏற்றி, அடித் துவாரத்தைத் திறந்து, உள்ளே இருக்கிற கண்ணாடி முழுவதையும் தண்ணீர்க் குழிக்குள் ஓட விட வேண்டும். பிறகு காலி உலையை மெதுவாக, நாள் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஆற்ற வேண்டும். அப்படி ஆற்றினால் செங்கல் பிளக்காது. வருஷம் எத்தனை ஆனாலும் அந்த உலை காத்திருக்கும், நல்ல காலம் வந்தால் மறுபடி பற்றவைக்கலாம். ஆனால் அதுவரை ஒருவருக்கும் வேலை கிடையாது. இரண்டாவது வழி, காப்பது. கண்ணாடி இறுகாத அளவுக்கு மட்டும் சூடு வைத்துக்கொண்டு வாக்கு எண்ணும் நாள்வரை ஓட்டுவது. ஜெயித்து வருகிறவர் அன்றே கேஸைத் திறந்துவிட்டால் வேலை ஒருநாள்கூட நிற்காது. திறக்காவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு வடிக்கவும் முடியாது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"வடிக்கணும். இன்னைக்கே ஆரம்பிக்கணும்" என்றார். அதில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேனேஜர் எல்லாரையும் உலைக்கு முன்னால் கூட்டி, "நான் முடிவெடுத்தா நாளைக்கு என் தலைதான் உருளும். நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று கை கழுவிவிட்டார். ஆனால் அறைக்குப் போகவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் முதலில் பேசினார். அவருக்குப் பேச்சு வராது. எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னார், இன்னும் குறைவான வார்த்தைகளில். "வடிச்சா உலை பொழைக்கும். அவ்வளவுதான்" என்று முடித்தார்.

"உலை பொழைக்கும். நாம?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

பிறகு கொழுந்தன் முன்னால் வந்தான். அவனுக்குப் பேச்சு வரும். போஸ்டர் ஒட்டிய இடத்திலெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தான். ஆனால் அன்றைக்கு அவன் பேசியது இரவல் பேச்சு இல்லை.

"வடிச்ச உலையை எவன் திரும்பிப் பார்ப்பான்? ஊர்ல எத்தனை மில்லு பூட்டிக் கெடக்கு, யாராவது போய்த் தொறந்தாங்களா? எரியற வரைக்கும்தான் நம்மகிட்ட வருவாங்க. எரியற உலையை அணைய விட்டான்ற பேரு எந்தக் கட்சிக்காரனுக்கும் வேண்டாம். பூட்டின ஆலையைத் தொறக்கலைன்னா ஒருத்தனும் கேக்கப் போறதில்ல. ரெண்டு பேருமே இங்க வந்து வாக்குக் குடுத்திருக்காங்க. யார் வந்தாலும் தொறந்துதான் ஆகணும். எண்ணற நாள் வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும். நம்ம கையால நாமளே எதுக்கு அதை அணைக்கணும்?"

அவன் சொன்னதில் தப்பு இருந்தால் நான் சொல்லியிருப்பேன். எனக்குத் தப்பு ஒன்றும் பிடிபடவில்லை. 

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் வடிக்கலாம் என்பவர்கள். வயதான சிலர் தூக்கினார்கள். நானும் தூக்கினேன், என் பக்கத்தில் நின்ற பொறுக்குகிற பெண்கள் நாலைந்து பேரும் தூக்கினார்கள். எண்ணிக்கொண்டு வந்த தொழிற்சங்கத் தலைவர் எங்கள் முன்னால் வந்ததும் நின்றார்.

"நீங்க கையை எறக்குங்கம்மா. தினக்கூலிக்கு இதுல ஓட்டு கெடையாது. நிரந்தரமா இருக்கறவங்க மட்டும்தான்."

"அதோ அந்தப் பள்ளிக்கூடத்துல நேத்து எனக்கு ஓட்டு இருந்துச்சே" என்றேன்.

"அது நாட்டுக்கு. இது உலைக்கு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, விளக்கம் சொல்வது போலத்தான் சொன்னார். கையை இறக்கினேன். நாட்டை யார் ஆள வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமா என்று கேட்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், எங்கள் வீட்டுக்காரரின் கை இன்னும் கீழேயே இருந்தது. எண்ணிக்கை முடிந்துவிட்டது. அவர் தூக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "காப்பாத்தலாம்னு சொல்றவங்க" என்று தலைவர் கேட்டார். கைகள் எழுந்தன, அங்கே இங்கே என்று இல்லாமல் மொத்தமாக. வீட்டுக்காரர் ஒருமுறை உலையைப் பார்த்தார், ஒருமுறை தம்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கையையும் தூக்கினார். கூட்டம் ஓவென்று கத்தியது. கொழுந்தன் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். 

சாயங்காலம் குளிக்க வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெரு கூடிவிடும். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன்.

"காலையில என்கிட்ட என்ன சொன்னீங்க? மத்தியானம் என்ன பண்ணினீங்க?"

 துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியாதவன் தூக்கினான், சரி. தெரிஞ்ச நீங்க எப்படித் தூக்கலாம்? அந்தக் கையை எப்படித் தூக்க மனசு வந்துச்சு?"

"என் ஒரு கையால மாறியிருக்காது."

"நான் கேட்டது அது இல்ல."

 சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவன் பேசறதைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு."

அவ்வளவுதான். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்துபோய்த் தூக்கினேன் என்றிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆசை வந்துவிட்டது என்கிற மனுஷனை என்ன செய்ய முடியும்? தண்ணீரை எடுத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

வாக்கு எண்ணிய நாளன்று கேன்டீனில் டிவியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கொழுந்தனின் ஆள் முன்னால், ஆனால் பாதியைத் தாண்டவில்லை. நாற்காலிக்காரர் பின்னால், ஆனால் தோற்கவில்லை. நடுவில் ஒரு சின்னக் கட்சி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, யாருக்கும் பிடி கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டது. டிவியில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலைக் காட்டினார்கள். கார்கள் உள்ளே போயின, வெளியே வந்தன. பேச்சுவார்த்தை நல்லபடியாக நடக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்றான் கொழுந்தன்.

"உலைகிட்ட சொல்லு" என்றேன். சொன்னதும் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் முகம் ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. கட்சி அலுவலகத்துக்குப் போனான். தலைவர் ஹோட்டலில் இருக்கிறார் என்றார்கள். ஹோட்டலுக்குப் போனான். வாசல் காவலர் இவன் சட்டையைப் பார்த்துவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். கேஸ் கம்பெனியில், புது மந்திரி வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். பழைய மந்திரியின் வீட்டில், நான் இப்போது பொறுப்பில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாடு முழுக்கத் தேடியும் ஒரு வால்வைத் திறக்க உரிமை உள்ள ஆள் அந்த வாரத்தில் ஒருத்தர்கூட இல்லை.

வீட்டுக்காரர் நெருப்பைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார். ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்து கையில் அகப்பட்ட எண்ணெயைக் கேனில் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். இயந்திர எண்ணெய், பெயிண்ட் கழுவும் எண்ணெய், எதுவும் மிச்சமில்லை. அதையெல்லாம் வடிகட்டி ஊற்றி, இன்னும் ஒருநாள் இழுத்தார். ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போனபோது, உலையின் சத்தம் நின்றிருந்தது.

அந்த ஆலையில் நான் சத்தமில்லாமல் நின்றது அதுதான் முதல் முறை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எல்லாரும் உலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு உள்ளே எங்கோ ஒரு செங்கல் விரிசல் விட்ட சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரின் தோள் தூக்கிப் போட்டது. கொழுந்தன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு, "அண்ணா, நான்தான், நான்தான்" என்று அழுதான். அவர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும்தான்டா" என்றார்.

ஹோட்டல் பேச்சுவார்த்தை முடிய மேலும் பத்துப் பதினைந்து நாள் ஆனது. கொழுந்தனின் ஆளே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாக்கு மாறினார் என்று யாரும் சொல்ல முடியாது. பதவியேற்ற இரண்டாம் நாளே எங்கள் ஆலைக்குக் கேஸ் விடும்படி உத்தரவு போட்டார். அவருடைய ஆட்கள் போட்டோக்காரரோடு வந்தார்கள். சீல் வைத்த அதே மனிதர் வந்து சீலை உடைத்தார். குழாயில் உஸ்ஸென்று கேஸ் வந்தது. யாரோ கை தட்டினார்கள்.

"பத்த வையுங்க" என்றார் கட்சிக்காரர் எங்கள் வீட்டுக்காரரிடம்.

"உள்ள இறுகிடுச்சுங்க. உலைக் கூரையும் விரிசல் விட்டுடுச்சு. இப்ப சூடு ஏத்தினா மேல இருந்து எறங்கிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் வீட்டுக்காரர். கேஸ் மனிதர் வால்வை மறுபடி மூடினார்.

அவர்கள் தள்ளிப் போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் திரும்பி வந்து, தலைவர் வேலை தருவதாகச் சொன்னார், வேலை தந்தே தீருவார் என்றார். அந்த வாரத்திலேயே காண்ட்ராக்டர் வந்து இறங்கினார். உலையை இடித்து, உள்ளே இறுகிக் கிடக்கும் கண்ணாடியை உடைத்து, நல்ல செங்கல்லைப் பிரித்து அடுக்க வேண்டும். ஆள் எவ்வளவு பேர் வந்தாலும் எடுத்துக்கொள்வார். இதில் நிரந்தரம், தினக்கூலி என்ற பேதமே கிடையாது. பெண்களும் வரலாம், செங்கல் சுமக்க.

கொழுந்தன் போக மாட்டேன் என்றான். ஓரகத்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டான்.  வீட்டுக்காரர் அவனுக்கு முன்பாகவே கிளம்பி வாசலில் நின்றார். உலையின் உள்கட்டு தெரிந்தவர் யார் என்று காண்ட்ராக்டர் கேட்டதும் எல்லாரும் அவரைத்தான் காட்டினார்கள். எங்கே முதல் அடி போட்டால் சுலபமாக விழும் என்று கேட்டார். வீட்டுக்காரர் நடந்துபோய் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்தார். "இங்க" என்றார்.

பக்கச் சுவர் மாலைக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் நடுப்பகுதிக்கு வந்தார்கள். நான் தலையில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். உள்ளே குனிந்து நின்று செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். என் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். புழுதியில் அவர் கண் மட்டும்தான் தெரிந்தது. கையில் இருந்த செங்கல்லை எனக்குக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் தானே வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவள், "சீக்கிரம் குடுங்கண்ணா, நேரமாகுது" என்றாள்.

"பார்த்து வாங்கு" என்றார் என்னிடம். "இன்னும் சூடு இருக்கு."